கடைசி வயலுக்கு வந்த மிஸ்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டு நின்றபோது, மேசை லாச்சிக்குள் என் போன் அதிர்ந்தது. வகுப்பு நேரத்தில் நான் எடுப்பதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதிர்ந்து நின்றது. உடனே திரும்பவும் அதிர்ந்தது. வெண்கட்டியை வைத்துவிட்டு எடுத்தேன். கணவர்.

“இஞ்சாரும், லீவு சொல்லிப்போட்டு வாரும். பிள்ளை கடைசி வயல் வரம்பில இருக்கிறாள். எழும்பி வாறாள் இல்லை.”

“ஏன், என்ன நடந்தது? பாம்பு ஏதும்...”

“பாம்பும் இல்லை, ஒண்டும் இல்லை. வயல் காஞ்சு போச்சு. நீர் கெதியா வாரும்.”

ஸ்கூட்டியில் போகும் வழியெல்லாம் எனக்கு விளங்கவில்லை. மழையில்லாத சிறுபோகத்தில் ஒரு வயல் காய்வது எங்கள் உருத்திரபுரத்தில் புதினமல்ல. அதற்காக ஒரு பெண்பிள்ளை ஏன் சுட்டெரிக்கும் கச்சான் காற்றுக்குள் போய் வரம்பில் இருக்க வேண்டும்?

மகள் வவுனியாப் பக்கத்தில் ஒரு விவசாயக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் வருடத்தில் ஒரு போகம் முழுவதற்கும் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பி, ஒவ்வொருவரையும் ஒரு கமக்காரரோடு சேர்த்துவிடுவார்கள். விதைப்பு முதல் அறுவடை வரை அந்த வயலுக்கு எப்போது என்ன செய்வது என்று பிள்ளை சொல்ல வேண்டும். கமக்காரர் விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். சொந்த வீட்டு வயலை எடுக்கக்கூடாது. விடுதியில் இருந்தாலும் வயலில் நின்றாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, சில பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விரிவுரையாளர்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அவர்களைப் பொறுப்பு சேர், பொறுப்பு மிஸ் என்பார்கள்.

எங்கள் மகளின் பொறுப்பு மிஸ்ஸை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. குரலை மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மகளுக்கு எடுப்பார். மகள் போனைச் சத்தமாக வைத்துவிட்டுக் கதைப்பதால் குசினிக்குள் நிற்கும் எனக்கும் கேட்கும். சுகமா என்று கேட்டவுடன் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“இந்தக் கிழமை என்ன பிழைச்சது?”

மகளும் அந்த வாரம் பிழையாகப் போனவற்றைச் சொல்வாள். விதைநெல் ஊறப்போட்டது கூடிவிட்டது, வரம்பில் எலிப்பொந்தைக் கவனிக்கவில்லை, இப்படி. அவர் திட்டியதும் இல்லை, பாராட்டியதும் இல்லை. “சரி, அதை எப்ப கண்டனீர்?” என்று கேட்பார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. நானும் ஒரு ஆசிரியை. பிள்ளையிடம் எது சரி வந்தது என்று ஒருநாளாவது கேட்க வேண்டாமா? கணவரிடம் சொன்னபோது, “நீர் பள்ளிக்கூடத்தில சிவப்புப் பேனையோடதானே நிக்கிறனீர்” என்று சிரித்தார்.

மகளுக்குக் கிடைத்த வயல் எங்கள் வாய்க்காலிலேயே கடைசி வயல். அதை அந்தப் போகம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார் ஒரு பெண். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வாய்க்காலுக்கு அப்பால் குடியேறிய குடும்பம். புருஷன் கொழும்பில் கட்டட வேலை. வயலை அவர்தான் பார்த்தார். மகள் அவரை அக்கா என்பாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வயல் அதே வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிறது. குளத்திலிருந்து முறைத் தண்ணீர் திறந்துவிட்டால் நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்க முன் எங்கள் வயலுக்குள் தண்ணீர் நிற்கும். மாமனார் காணி பெற்ற காலத்திலிருந்து அப்படித்தான். கணவர் கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் இருக்கிறார். எந்த வாய்க்காலுக்கு வாரத்தில் எந்த நாள் தண்ணீர் என்று கூட்டத்தில் எடுத்த முடிவை எழுதி ஒட்டுவதும் அவர்தான். எங்கள் வாய்க்காலுக்குச் செவ்வாய்க்கிழமை.

நடந்ததை மகளிடமிருந்து துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். கடைசி வயலில் புல்லும் கோரையும் கூடியிருந்தன. புல்லுக்கு மருந்து அடிப்பதென்றால் முதலில் வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து புல்லில் படும். அடித்து இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பத் தண்ணீர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் புல் உயிர்த்துவிடும், நெல் வாடும். மகள் சனிக்கிழமை வடிக்கச் சொன்னாள். ஞாயிறு மருந்து. செவ்வாய் முறைத் தண்ணீர். கணக்குச் சரி.

அக்கா ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “தண்ணி வந்துடுமா பாப்பா?”

“ஓம் அக்கா. செவ்வாய்க்கிழமை வரும்.”

மகள் அதை ஒட்டியிருந்த முறையைப் பார்த்துச் சொன்னாள். பிறந்தது முதல் அவள் கண்ட செவ்வாய்க்கிழமை தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர். அதே தண்ணீர் வாய்க்கால் கடைசிக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும், சில வாரம் போகவே போகாது என்பதெல்லாம் அவள் அறிந்திருக்கவில்லை. அக்காவோ அதைப் படிக்கும் பிள்ளையின் சொல்லாக எடுக்கவில்லை. செயலாளர் வீட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டார். வேறு வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தால் நாலு பேரை விசாரித்திருப்பார், பாதித் தண்ணீரையாவது மறித்து வைத்திருப்பார். செயலாளரின் மகளே வரும் என்று சொன்னபிறகு யாரைக் கேட்பது? வரம்பை வெட்டி, கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரவில்லை. புதன் வரும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கச்சான் காற்று வேறு. வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது வயல் வெடித்துக் கிடந்தது. நெல்லின் நுனி எரிந்தது போல் இருந்தது. கோரை மட்டும் புதிதாக முளைத்தது போல் நிமிர்ந்து நின்றது. மகள் வரம்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அக்கா எதிர் வரம்பில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“டீச்சர், ஒங்க புள்ளைய கூட்டிட்டுப் போங்க. வெயில்ல மயங்கி விழுந்துச்சுன்னா அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்.”

நான் மகளின் தோளைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “நான் சொன்னனான் அம்மா. வரும் எண்டு நான் சொன்னனான்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அறைக்குள் போனவள் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து, மிகவும் அமைதியாக, “அம்மா, விடுதியில என்ர உடுப்பு, புத்தகம் எல்லாம் கிடக்கு. ஒருநாளைக்கு என்னோட வாங்கோ, எடுத்துக்கொண்டு வருவம்” என்றாள்.

“ஏன் எடுக்கவேணும்?”

“நான் இனிப் போகேல்லை.”

அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த அமைதிதான் என்னைக் கலக்கியது. எங்கள் பக்கத்தில் வளர்ந்த தாய்மாருக்கு இது விளங்கும். நெல் செய்கிற வீட்டில் கொட்டில் நிறைய மருந்துப் போத்தல்கள் இருக்கும். நான் அவள் அறைக்குத் திரும்பிப் போகும் வரை காத்திருந்து, கொட்டிலில் இருந்ததையெல்லாம் ஒரு உரப்பைக்குள் போட்டுப் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாளிடம் கொண்டுபோனேன். மச்சாள் கணவரின் தங்கை, எதற்கும் பகிடி விடுகிறவள்.

“என்ன மச்சாள், எனக்கு இப்பத்தான் சீதனம் கொண்டு வாறியளோ?” என்றவள் என் முகத்தைக் கண்டதும் பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பை என்னிடம் தரவில்லை. “இது என்னட்ட இருக்கட்டும். நீங்கள் போய்ப் பிள்ளையோட இருங்கோ.”

பின்னேரம் கடைக்குப் போனபோது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். “ரீச்சர், மகள் படிக்கிறது நெல்லு வளக்கவோ, காயப்போடவோ?” அவர் கெட்டவரல்ல. எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்தால் முதல் ஆளாக வந்து பந்தல் போடுகிறவர். ஆனால் அந்தப் பகிடி ஊர் முழுவதும் போய்விட்டது என்று அப்போது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டுக் கொட்டில் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, போத்தலெல்லாம் எங்க?”

எனக்குப் பொய் வரவில்லை. “மாமி வீட்டில.”

“நான் அப்பிடி ஒண்டும் செய்யமாட்டன் அம்மா” என்றாள். எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று பின்னேரம் போன் வந்தது. மகளின் போன் கதிரையில் கிடந்து அடித்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் சாப்பிடவில்லை, கதைக்கவில்லை, கல்லூரிக்கு வரமாட்டேன் என்கிறாள், என்று.

மிஸ் கேட்ட முதல் கேள்வி இதுதான். “வயல் இப்ப எப்பிடி இருக்கு ரீச்சர்?”

எனக்கு உச்சியில் ஏறியது. “நான் பிள்ளையைப் பற்றிச் சொல்லுறன், நீங்கள் வயலைக் கேக்கிறியள்.”

“ஓம். பிள்ளையும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருப்பா. எவ்வளவு காஞ்சது? குருத்து பச்சையோ?”

நான் கண்டதைச் சொன்னேன். நுனி எரிந்திருக்கிறது, குருத்து பச்சை என்றுதான் நினைவு. பிறகு மிஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வீட்டில மருந்துப் போத்தல்கள் இருக்கோ?”

“அப்புறப்படுத்திப்போட்டன்.”

“நல்ல வேலை செய்தனீங்கள். தனிய விடாதேங்கோ. ஆனாக் கதை கதை எண்டு கரைச்சல் குடுக்கவும் வேண்டாம். பக்கத்தில இருந்து உங்கட வேலையைச் செய்யுங்கோ. செவ்வாய்க்கிழமை முறைத் தண்ணி எண்டா நான் செவ்வாய்க்கிழமை வாறன்.”

அந்த ஒரு கேள்வியால் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத பயத்தை முகம் தெரியாத ஒருவர் நேரே கேட்டிருந்தார். அன்றிரவும், லீவு போட்டுத் திங்கட்கிழமை முழுவதும் மகளின் அறைக்குள் இருந்து விடைத்தாள் திருத்தினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு தரம், “அந்தப் பிள்ளைக்கு ஏன் பிழை போட்டனீங்கள்? வழி சரிதானே” என்றாள். திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதைச் சரி என்று மாற்றினேன். அன்று வீட்டில் நடந்த நல்ல காரியம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையும் நான் லீவு. மிஸ் ஓமந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு. படலைக்குள் வரும்போதே செருப்பில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. நேரே கடைசி வயலைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். தேத்தண்ணியைப் பிறகு குடிக்கிறேன் என்றார். மகள் அறை வாசலில் வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை.

நான் அந்த இடத்தில் சில வார்த்தைகளை எதிர்பார்த்தேன். எல்லோருக்கும் பிழை வரும், நானும் படிக்கும்போது ஒரு பிழை விட்டேன், இப்படி ஏதாவது. அவர் தன் கதை ஒன்றையும் சொல்லவில்லை.

“தொப்பியை எடுத்துக்கொண்டு வாரும். குளத்துத் துருசு திறந்தாச்சு. தண்ணி எங்க நிக்குது எண்டு பாப்பம்.”

“நான் வரேல்லை மிஸ்.”

“கல்லூரிக்கு வரச்சொல்லி நான் கேக்கேல்லை. வாய்க்காலுக்கு வரச்சொல்லிக் கேக்கிறன்.”

மகள் நின்றாள். பிறகு தொப்பியை எடுத்தாள். நானும் பின்னால் போனேன். வரவேண்டாம் என்று மிஸ் சொல்லவில்லை.

கடைசி வயலில் இருந்து தொடங்கி, வாய்க்கால் கரையால் மேல் நோக்கி நடந்தோம். கடைசியில் வாய்க்கால் காய்ந்து, ஆட்டுப் புழுக்கையும் பொலித்தீன் பையுமாகக் கிடந்தது. கொஞ்சத் தூரம் போக ஈரம். பிறகு குட்டை குட்டையாகத் தண்ணீர். பிறகு மெதுவாக ஓடும் தண்ணீர். கரை வழியே ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் எடுக்க வெட்டிய வாய் இருக்கும், வக்கடை என்போம். அதைத் திறந்து எடுத்துவிட்டு மண் போட்டு மூட வேண்டும். மூடினால்தான் அடுத்த வயலுக்குப் போகும்.

மிஸ் ஒவ்வொரு வக்கடையிலும் நின்றார்.

“இந்த வயலுக்குத் தண்ணி காணுமோ?”

போதுமா என்று மகள் குனிந்து பார்த்தாள். “காணும் மிஸ்.”

“அப்ப ஏன் திறந்திருக்கு?”

“தெரியாது மிஸ்.”

அடுத்ததிலும் அதே கேள்வி, அதற்கடுத்ததிலும். மகளின் பதில்கள் மெல்ல நீளத் தொடங்கின. இந்த வயல்காரர் காலையில் திறந்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார், இவருக்கு வரம்பு ஒழுக்கு, அதனால் எவ்வளவு விட்டாலும் நிற்காது. நாலைந்து நாளாக நான் கேட்காத அவளுடைய பழைய குரல் அது. பின்னால் நடந்த நான் சத்தம் வராமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படியே வாய்க்கால் தொடக்கத்துக்கு வந்தோம். அங்கே கணவர் மண்வெட்டியோடு நின்றார்.

“இது ஆற்ற வயல்?” என்று மிஸ் கேட்டார்.

“எங்கட” என்றாள் மகள்.

“காணுமோ?”

மகள் வயலைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். “கூடிப்போச்சு மிஸ்.”

“கச்சான் அடிக்குது மிஸ்” என்றார் கணவர். “ரெண்டு விரக்கடை கூட நிண்டாத்தான் ஒரு கிழமைக்குத் தாங்கும். எல்லாரும் அப்பிடித்தான்...”

மிஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் கையை நீட்டினாள். “அப்பா, மண்வெட்டியைத் தாங்கோ.”

அவர் கொடுக்கவில்லை. தானே இறங்கி, மண்ணை வெட்டிப் போட்டு வக்கடையை மூடினார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. மூடிவிட்டு நிமிர்ந்து, “மற்றவையின்ரயும் நான்தான் போய் மூடவேணும். நீங்கள் மூடினா ஏச்சுத்தான் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே கீழே போனார். வழியெல்லாம் அவருக்கு ஏச்சு விழுந்ததும் எங்களுக்குக் கேட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்தது. வெடிப்புகளுக்குள் முதலில் அது இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அக்கா வரம்பில் நின்று பார்த்தார். மகிழ்ச்சியைக் காட்டவில்லை. மிஸ் அவர் பக்கத்தில் போய் நின்று கதைக்கத் தொடங்கியபோது எனக்கு ஆச்சரியம். பேச்சே அக்காவின் பேச்சாக மாறிவிட்டது.

“அக்கா, இந்தப் புள்ள மருந்தடிக்கச் சொன்ன நாள என்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னிச்சு. நாந்தான் சரின்னேன். வாய்க்கால் எப்படின்னு நான் கேக்கல. அதனால இதுல எனக்கும் பங்கு இருக்கு.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க எந்தத் தோட்டம்?”

“நான் பொறந்தது ஓமந்தையில. அப்பா அம்மா தோட்டத்துல இருந்து வந்தவங்க.”

“அதானே பாத்தேன்.” அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. அவ்வளவுதான். வேறு சலுகை எதுவும் அவர் காட்டவில்லை.

மிஸ் மகளைப் பார்த்தார். மகள் முன்னால் வந்தாள். வழியில் அவர்களுக்குள் ஏதோ பேச்சு நடந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

“அக்கா, தண்ணி வரும் எண்டு நான் சொன்னது பிழை. கடைசிக்கு வருமோ எண்டு பாக்காமல் சொன்னனான்.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “இந்தப் போகம் முடியும்வரை நான் உங்கட வயலுக்கு வரலாமோ?”

அக்கா கோரையைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார். “நெல்லு மொதல்ல எந்திரிக்கட்டும். பொறகு சொல்றேன்.”

வீட்டுக்கு வந்து மிஸ் தேத்தண்ணி குடித்தார். மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “மிஸ், நீங்கள் ஆறுதலா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானெண்டா சொல்லியிருப்பன்.”

“சொல்லியிருக்கலாம் ரீச்சர். அவ நம்பியிருக்கமாட்டா. கெட்டிக்காரப் பிள்ளை, வயல் காஞ்சதைக் கண்ணால கண்டவ. உன்ர பிழை இல்லை எண்டு நான் சொன்னா, இந்த மிஸ்ஸும் சும்மா சொல்லுறா எண்டுதான் நினைப்பா. பிறகு நான் எதைச் சொன்னாலும் எடுபடாது.”

“அந்த அக்கா வேண்டாம் எண்டு சொன்னா?”

“சொன்னா, பிள்ளைக்கு இந்தப் போகம் கணக்கில வராது. அடுத்த வருசம் திரும்பச் செய்யவேணும். நான் வேற வயல் பாத்துக் குடுக்கப் போறதில்லை.” கோப்பையை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தார். “ஒண்டு கேக்கிறன். நீங்களோ ஐயாவோ போய் அவவிட்டக் கேக்காதேங்கோ. ரீச்சரும் செயலாளரும் வந்து கேட்டா அவவால மாட்டன் எண்டு சொல்லேலாது. பிள்ளைக்கு அப்பிடி ஒரு ஓம் வேண்டாம்.”

நான் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் தாளில் ஒரு சிவப்புக் கோடு, அதோடு முடிந்தது. நான் படிப்பித்தது வகுப்புக்கு வெளியே போய் யாருடைய வயலில் என்ன செய்கிறது என்று நான் ஒருநாளும் பார்க்கப் போனதில்லை. போக வேண்டிய தேவையும் வரவில்லை. இந்தப் பெண் தன் பிள்ளைகளின் பின்னாலேயே அவர்களுடைய சொல் போய் விழும் இடம் வரைக்கும் போகிறார். பெற்ற நான் மகளை அந்த வயலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள் வைத்துக் காக்கப் பார்த்தேன். அவர் அவளைத் திரும்ப அதே வரம்புக்குக் கூட்டிப்போனார். நான் செய்ததும் தேவைதான். அந்த நாட்களில் நான் பக்கத்தில் இருந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் தைரியம் இல்லை. ஆனால் அது அவளை எழுப்பி நடக்கவைக்கப் போதாமல் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள ஒரு தாய்க்குக் கொஞ்சம் நாள் எடுக்கும். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். என் பிள்ளையை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் என் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்.

அதன் பிறகு காத்திருப்பு. அக்கா கூப்பிடாமல் வயலுக்குள் இறங்கக்கூடாது என்று மிஸ் மகளிடம் சொல்லியிருந்தார். மகள் காலையில் வாய்க்கால் கரையால் நடந்து போய், வக்கடைகளைப் பார்த்துவிட்டு, கடைசி வயலைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். சாப்பிடத் தொடங்கினாள். உடுப்பு எடுக்க விடுதிக்குப் போவோம் என்று மறுபடி சொல்லவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மச்சாள் திறப்பைத் தரவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

கமக்காரர் கூட்டத்தில் கணவர் எழும்பி, இனிக் கடைசி வயலில் தொடங்கி மேலே வருவது போல முறை வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். “செயலாளருக்கு வெயில் பிடிச்சிட்டுது” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்திருக்கிறது. முடிவு எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமையும் மண்வெட்டியோடு கரையால் கீழே போனார்.

நான் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்கூட்டியை அக்கா வீட்டு ஒழுங்கைப் பக்கம் திருப்பிவிட்டேன். ஒரே ஒரு சொல் கேட்போம், கெஞ்சுவோம், என்ன குறைந்துவிடும்? வீடு தெரிந்தது. கொடியில் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அக்கா முற்றத்தில் குனிந்து எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் காணவில்லை. மிஸ் சொன்னது நினைவுக்கு வர, ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நான் செய்தவற்றிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் எடுத்தபோது மகள்தான் போனை எடுத்தாள். முற்றத்துக்குப் போய்க் கதைத்தாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவுமில்லை.

பிறகு ஒரு காலை, நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம், படலையில் ஆள் அசைவு. அக்கா. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, உள்ளே வராமல், படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி...” என்றேன். வாய் உளறியது.

“இல்லீங்க டீச்சர். வேலை கெடக்கு. பாப்பா இருக்கா?”

மகள் ஏற்கனவே என் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது.

“அந்த வடக்கு மூலை போச்சு” என்றார் அக்கா, நேரே அவளைப் பார்த்து. “அது போனது போனதுதான். மத்தது எந்திரிச்சிருச்சு. புதுக் குருத்து விட்டிருக்கு.”

மகள் தலையை ஆட்டினாள்.

“நாளைக்கு ஒரம் போடலாம்னு இருக்கேன். எவ்வளவு போடணும், எப்ப போடணும்னு நீ வந்து பாத்துச் சொல்லு.” படலையை விட்டுத் திரும்பியவர், இரண்டடி போய் நின்று, விரலை நீட்டினார். “ஆனா ஒண்ணு பாப்பா. தண்ணிய என் கண்ணால பாத்த பொறகுதான் ஒர மூட்டைய அவுப்பேன்.”